கணக்கு நம்ம பேரில், செக்புக் அவர்கள் கையில்

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரு கட்சி ஆட்சிமுறையின் எதிர்காலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சூரியனா, இலையா என்று தமிழ்நாடு 1977லிருந்து பார்த்து வந்த ஆட்டம். நடிகர் விஜய் 2024இல் கட்சி தொடங்கியதும், ‘ரெண்டு கட்சி கதை முடிஞ்சுது’ என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. முடிஞ்சா முடியட்டும். நாம் அழப்போவதில்லை. ஆனால் எது முடியும், எது முடியாது என்பதைச் சேரியில் நின்றுதான் பார்க்கவேண்டியிருக்கிறது.

கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது 1995இல், அ.தி.மு.க. ஆட்சி. தாமிரபரணியில் 17 பேர் செத்தது 1999இல், தி.மு.க. ஆட்சி. பரமக்குடி துப்பாக்கிச்சூடு 2011இல், அ.தி.மு.க. ஆட்சி. வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது 2022இல், தி.மு.க. ஆட்சி. அந்த வழக்கில் 2025இல் குற்றப்பத்திரிகை போட்டதும் அந்தச் சேரிப் பையன்கள் மூணு பேர் மேலேயேதான். 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சித் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருசம் அங்கே ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்த முடியவில்லை. அந்தப் பத்து வருசத்தில் ரெண்டு கட்சியும் ஆண்டாச்சு. 2006இல்தான் நடந்தது. ஆக, நம்மைப் பொறுத்தவரை எங்கே இருந்தது ரெண்டு கட்சி?

இது தலைவர்களின் குணக்கேடு மட்டுமல்ல. ஒரு ஓட்டு கூட வாங்கியவன் ஜெயித்தான் என்கிற முறை இது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பெரும்பான்மைச் சாதியின் ஓட்டு எதுவோ, ரெண்டு கட்சியும் அதைத்தான் துரத்தும். மூணாவது வருகிறவனும் அதையேதான் துரத்துவான். 234 தொகுதியில் 44 தனித்தொகுதி இருக்கே என்பீர்கள். அங்கேயும் எல்லாச் சாதியும்தான் ஓட்டுப் போடுகிறது. பெரும்பாலான தனித்தொகுதிகளில் நாம் பாதிகூட இல்லை. ஆகவே ஊர்த்தெருவுக்குக் கோபம் வராத ஆளாகப் பார்த்து நிறுத்துகிறார்கள். நான் வங்கியில் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், கணக்கு நம்ம பேரில், செக்புக் அவர்கள் கையில்.

1932இல் பூனாவில் நடந்த வஞ்சகம் இதுதான். இரட்டை வாக்குரிமை போச்சு. அதைப் பலமுறை பேசியிருக்கிறோம்.

சின்னத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசணும். அடுத்தவன் சின்னத்தில் ஜெயித்தால் சட்டப்படி நீ அந்தக் கட்சி ஆள். அவன் கொறடா சொன்னால் கை தூக்கணும். 2001இல் உதயசூரியனில் மங்களூர்த் தொகுதியில் ஜெயித்த திருமாவளவன் 2004இல் பதவியை விட்டு வெளியே வந்தார். 2016இல் ரெண்டு கட்சியும் வேண்டாம் என்று மக்கள் நலக் கூட்டணி நின்றது. ஒரு இடம்கூட இல்லை. காட்டுமன்னார்கோயிலில் 87 ஓட்டில் போச்சு. எண்பத்தியேழு! ஒரு தெரு. 2019இல் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் 3,219 ஓட்டில் கரையேறினார். 2024இல் பானையிலேயே ரெண்டு எம்.பி. வந்த பிறகு, 2025இல் விடுதலைச் சிறுத்தைகள் அங்கீகரிக்கப்பட்ட மாநிலக் கட்சி ஆனது. 1999 வரைக்கும் தேர்தலையே புறக்கணித்த இயக்கம் ஒரு மண்பானையைச் சொந்தமாக்க 26 வருசம் ஆயிருக்கு. அதுவும் சூரியனோடு கூட்டணியில் இருந்துதான். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். போதும் என்றும் சொல்லமாட்டேன்.

ஆட்சியில் பங்கு கேட்டால், ‘தமிழ்நாட்டுக்குக் கூட்டணி ஆட்சி பழக்கமில்லை’ என்கிறார்கள். பொய். 1952இல் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லாதபோது ராஜாஜி காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலருக்கு மந்திரி பதவி கொடுத்தார். 1954இல் காமராஜர் உழைப்பாளர் கட்சி ராமசாமி படையாச்சியாரைச் சேர்த்துக்கொண்டார். தேவைப்பட்டால் பழக்கம் வருகிறது. 2006இல் தி.மு.க.வுக்கு 96 இடம்தான். 34 இடம் வைத்திருந்த காங்கிரஸ் அஞ்சு வருசமும் வெளியே நின்றே தாங்கியது. கேட்கத் தெரியாதவனுக்குப் பழக்கம் வராது.

விகிதாச்சாரத் தேர்தல் வரணும், இரட்டை வாக்குரிமை திரும்ப வரணும். அதற்கெல்லாம் டெல்லியில் சட்டம் போடணும். அதுவரைக்கும் செய்ய ஒன்று இருக்கிறது. பூனா ஒப்பந்தத்திலேயே ஒரு துண்டு உண்டு. தனித்தொகுதிக்கு முதல் கட்டமாக நம்ம ஜனங்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைப் பொறுக்கி எடுக்கணும், பிறகுதான் பொதுவாக்கு. 1937இலும் 1946இலும் நடந்த முறை. இதைக் கட்சிக்குள்ளே செய்ய எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உங்கள் தொகுதி வேட்பாளரை அந்தக் கட்சியிலுள்ள தலித் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டுமே.

இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேர் சட்டைப் பையில் ரெண்டு கட்சியின் உறுப்பினர் அட்டையும் இருக்கு, மூணாவதும் இருக்கலாம். கிளைச் செயலாளருக்கு மேலே ஏறவிடாமல் கொடிக்கம்பம் நடவைக்கிறார்கள் அல்லவா? அடுத்த செயற்குழுவில் எழுந்து, தனித்தொகுதிக்கு ஆள் பொறுக்குவது யார் என்று ஒரு கேள்வியை எழுதிக் குடுங்க. என்ன பதில் வருதுன்னு வந்து சொல்லுங்க.