தாய்மார்களும் பந்து விளையாடலாம்



பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடினவங்க இங்கே எத்தனை பேர் இருக்கீங்க? கல்யாணம் ஆனதும், "இனிமே நமக்கென்ன விளையாட்டு?" என்று விட்டிருப்பீர்கள்.

இஸ்ரேல் நாட்டில் 'கச்சிபோல்' என்றொரு பள்ளிக்கூடப் பந்தாட்டம் உண்டு. நம் எறிபந்து போலத்தான். வலைக்கு மேலே வரும் பந்தைப் பிடித்து உடனே திருப்பி எறிய வேண்டும். 2005-ஆம் ஆண்டு க்ஃபார் சபா என்ற ஊரில், தாய்மார்களுக்கென்றே இந்த ஆட்டத்தில் 'மாமாநெட்' என்ற போட்டி அமைப்பு தொடங்கியது. பிள்ளை படிக்கும் பள்ளிக்காக அம்மாக்கள் அணி சேர்ந்து ஆடுகிறார்கள். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்!

"வயல் வேலை, வீட்டு வேலை போதாதா?" என்று கேட்பீர்கள். அதுவும் உடம்புக்கு உழைப்புதான். ஆனால் விளையாட்டில் தோழிகளோடு சிரிப்பு உண்டு; மனபாரம் குறையும்.

தந்தைமார்களே, வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் குழந்தையை நீங்க பார்த்துக்கிட்டா, அவங்க மைதானத்துக்குப் போகலாம். அதுவும் குடும்ப நலம்தான்.

முதலில் கை கால்களை மெல்ல அசைத்துப் பழகிய பிறகே ஆடுங்கள். கர்ப்பிணிகளும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களும், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்காமல் ஆட வேண்டாம்.

ஒரு பந்து, ஒரு வலை, ஊர்ப் பள்ளி மைதானம் போதும். இன்றிரவே இருவரும் கலந்து பேசுங்கள்.