தேவாலாத் தங்கம்: கைவிடப்பட்ட ஒரு தேடலின் வரலாறு



கவிதையும் கதையும் ஒலித்து வந்த இந்த மேடையில் பாறையைப் பற்றிப் பேச எனக்கு இசைவளித்திருக்கிறீர்கள். பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுக் காண்பது நம் மரபு. உரைத்துப் பார்க்கும் முன்பே விலை பேசிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் நீலகிரி மாவட்டத்திலேயே ஒரு பெரிய சான்று கிடக்கிறது. கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் நடந்த தங்கத் தேடலே அது.

இந்நிலப்பகுதி தென்கிழக்கு வயநாடு எனப்பட்டது. மலபார் மாவட்டத்தில் இருந்த இதனை 1877இல் நீலகிரியோடு இணைத்தார்கள். இங்கிருந்து மேற்கே இறங்கும் ஓடைகள் நிலம்பூர்ப் பள்ளத்தாக்கில் சாலியாற்றோடு கலக்கின்றன. அந்த ஓடை மணலை மரவையில் இட்டு, நீரில் அலசிப் பொன்துகள் எடுக்கும் தொழில் நெடுங்காலமாக இங்கு நடந்து வந்தது. குறும்பரும் பணியரும் அதில் வல்லவர்கள். மணலை அரித்ததோடு நில்லாமல், மலைச்சரிவுகளில் வெண்கல் இழைகளைத் தொடர்ந்து சென்று பாறையைக் குடைந்து எடுத்த பழங்குழிகளும் நூற்றுக்கணக்கில் இருந்தன. வெடிமருந்தும் இயந்திரமும் இன்றி அக்குழிகளை வெட்டிய கைகளின் திறனை, பின்னால் வந்த ஐரோப்பிய வல்லுநர்கள் வியந்து குறித்திருக்கிறார்கள்.

ஆங்கில அரசின் கவனம் 1830களின் தொடக்கத்திலேயே இங்குத் திரும்பியது. 1831இல் நிக்கல்சன் என்ற படை அதிகாரி இப்பகுதிக்கு ஆய்வுக்காக அனுப்பப்பட்டார். காய்ச்சலும் காடும் அம்முயற்சியை நீடிக்க விடவில்லை. 1860களில் ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் பழகியவர்கள் வந்து வெண்கல் இழைகளைத் தேடினார்கள். 1874இல் ஆல்ஃபா என்ற நிறுவனம் தோன்றியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் இவ்வயலைச் சுற்றிப் பார்த்து 1875இல் முதல் அறிக்கையை எழுதினார். இதுவரை நடந்ததெல்லாம் நிதானமான தேடல். அதன்பின் வந்தது வேறு.

அந்த வேறுபாட்டின் காரணம் பாறையில் இல்லை, காப்பிச் செடியில் இருந்தது. வயநாட்டின் காப்பித் தோட்டங்களைத் தண்டு துளைக்கும் பூச்சி முதலில் தாக்கியது. அதன்பின் இலங்கையில் 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் இங்கும் பரவியது. தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். காப்பி விளையாத நிலத்துக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்றால் அவர்களுக்கு அது மறுபிறவி அல்லவா? 1879இல் இந்திய அரசு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரௌ ஸ்மித் என்பவரை வரவழைத்தது. 1880இல் வெளிவந்த அவருடைய அறிக்கை நம்பிக்கை நிறைந்தது. தங்க இழைகள் மிகுதி, பழங்குழிகள் எங்கும் காணப்படுகின்றன, முறையாக முதலிட்டால் பலன் உண்டு என்பது அதன் போக்கு.

இலண்டன் பங்குச் சந்தை பற்றிக்கொண்டது. 1879 இறுதியிலிருந்து 1881 இறுதிக்குள், இரண்டே ஆண்டுகளில், முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நாற்பது இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட முதலீட்டை அறிவித்தன. அப்பணத்தில் பெரும்பகுதி பாறைக்குள் இறங்கவே இல்லை. நொடித்துப்போன காப்பித் தோட்டங்களைத் தங்க நிலம் என்ற பெயரில் பெருவிலைக்கு வாங்குவதிலேயே அது கரைந்தது. எஞ்சியதைக் கொண்டு கல்லை இடித்துப் பொடியாக்கும் கனத்த இயந்திரங்களைக் கப்பலேற்றி, மலைப்பாதையில் மேலேற்றினார்கள். அரைப்பதற்குப் போதிய தாது உண்டா என்று ஆழத்தில் தோண்டிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அரைத்துக் கிடைத்த பொன்னோ, சொல்லப்பட்டதில் ஒரு சிறு பங்கு. 1880களின் நடுப்பகுதிக்குள் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

ஏன் இப்படி ஆயிற்று? இங்கே பாறையின் கதையைச் சற்றுக் கூற வேண்டும்.

தேவாலாவின் அடித்தளம் மிகத் தொன்மையான நைஸ் பாறை. பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, பட்டை பட்டையாகக் கோடிட்டு நிற்பது. அதன் பிளவுகளில் சூடான நீர்மம் புகுந்து வெண்கல்லாக, அதாவது குவார்ட்ஸாக, இறுகியது. அதனோடு வந்தவையே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமமும், மிக நுண்ணிய தங்கமும். மலைநாட்டின் கனமழை பல்லாயிரம் ஆண்டுகளாக இப்பாறையின் மேற்பகுதியை அரித்து வந்தது. பைரைட் சிதைந்து துருவானது; அதற்குள் சிறைப்பட்டிருந்த பொன் விடுபட்டது. ஆகவே மேலே சில பத்தடி ஆழம் வரை பாறை மிருது, பொன் கண்ணுக்குத் தெரியும், பாதரசத்தில் எளிதில் ஒட்டும். அதற்குக் கீழே பாறை கடினம், பொன் குறைவு. இருப்பதும் பைரைட்டுக்குள் ஒளிந்திருக்கும். பாதரசத்துக்கு அது எளிதில் அகப்படாது. தாதிலிருந்து பொன்னைக் கரைத்தெடுக்கும் சயனைடு முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டதே 1887இல்தான். அதற்குள் இங்குக் கடை கட்டியாகிவிட்டது.

பழங்குழிகளை வெட்டியவர்கள் அந்த மிருதுவான மேற்பகுதியைத்தான் எடுத்திருந்தார்கள். பொன் குறைந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அக்குழிகள், ‘இங்கே செல்வம் இருக்கிறது’ என்ற அறிவிப்புப் பலகைகளாகத் தோன்றின. எடுக்கத் தக்கது எடுத்தாயிற்று என்ற கணக்கும் அதே குழிக்குள் எழுதப்பட்டிருந்ததை அவர்கள் படிக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பணியர் முதலான மக்கள் நிலவுடைமையாளருக்கு அடிமைப்பட்டு உழைத்த காலம் ஒன்று இருந்தது. கூலி என்ற பேச்சே எழாத உழைப்பில் மிகச் சிறிய அளவுப் பொன்னும் உடையவனுக்கு இலாபமே. அதே கல்லைக் கூலி கொடுத்து, நிலக்கரியும் இரும்பும் கடல்கடந்து கொண்டுவந்து அரைத்தால் நட்டம். ஒரு கல் தாது ஆவதும் வெறுங்கல் ஆவதும் அதிலுள்ள பொன்னை மட்டும் பொறுத்ததன்று. அதை எடுக்கும் கையின் விலையையும் பொறுத்தது.

பழங்குழி என்றாலே ஏமாற்றம்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கோலாரை எண்ணிப் பாருங்கள். அங்கும் பழங்குழிகள் இருந்தன. 1875இல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. அங்கும் முதல் சில ஆண்டுகள் பணம்தான் போயிற்று. மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. ஆயினும் பழங்குழிகளுக்கு அடியில் விடாமல் இறங்கியபோது சாம்பியன் தாது இழை அகப்பட்டது. வயநாட்டு நைஸுக்கு மாறாக, வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும் கருநிறப் படலப்பாறைப் பட்டையில் அவ்விழை மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தொடர்ந்து சென்றது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர் பலர் அந்த ஆழத்தில் உழைத்தார்கள். 2001இல் சுரங்கம் மூடப்படும் வரை 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் அங்கிருந்து வெளிவந்தது.

அடையாளம் ஒன்றே, பொருள் வேறு. எது எந்தப் பொருள் என்பதைக் கீழே இறங்கிய உளிதான் சொல்ல முடியும். கோலாரில் உளி இறங்கியது. தேவாலாவில் பங்குப் பத்திரம் உளியை முந்திக்கொண்டது. 1901இல் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹேடன், ஹாட்ச் என்ற இருவர் வயநாட்டு வயலை முறையாக ஆய்ந்து வெளியிட்ட அறிக்கை, இழைகள் இலாபம் தரத் தக்கனவல்ல என்று தெளிவுபடுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு முன் வந்திருக்க வேண்டிய அறிக்கை அது.

பொன்னும் போய்க் காப்பியும் போன அந்த மலைகளில் பிறகு தேயிலை வந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் பலருக்கு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வாழ்விடமாயின. அவர்கள் வாழும் சரிவுகளுக்கு இடையில்தான் பழைய சுரங்க வாய்கள் இன்றும் திறந்து கிடக்கின்றன. மழையில் ஊறிய அக்குகைகளுக்குள் இரவில் இறங்கிப் பொன்கல் தேடுவோர் இருக்கிறார்கள். மண் சரிந்து உயிரிழந்தோரும் உண்டு. ஆக, இந்த வரலாறு இலண்டன் பங்குதாரர்களின் நட்டத்தோடு முடிந்துவிடவில்லை. வறுமை இருக்கும் வரை, ‘இங்கே பொன் இருக்கிறது’ என்ற பாதி உண்மைக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பார்கள். மீதி உண்மையை அவர்களிடம் சொல்வது நம் கடமை.

அதை எந்த மொழியில் சொல்வது? 1875 அறிக்கையும் 1880 அறிக்கையும் 1901 அறிக்கையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. குழிக்குள் இறங்குகிறவனுக்கு அவை எட்டா. பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் இவ்வட்டம், பாறையின் கதையையும் மண்ணின் கதையையும் எளிய தமிழில் எழுதுவிக்கும் பணியை அடுத்த பத்தாண்டில் மேற்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோளை முன்வைக்கிறேன்.