கடல் கடந்து வந்தோரின் கோயில்



தாய்லாந்தில் அயுத்தியா என்றொரு பழம்பெரும் நகர் உண்டு. 1767ஆம் ஆண்டில் பர்மியப் படையால் அழிவுற்ற அந்நகரின் பௌத்தக் கோயில்களைக் காண இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் செல்கின்றனர். அத்துணைத் தொலைவு செல்லும் வசதி ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழும் நம்மில் பலருக்கு இல்லை. எனினும் அத்தகைய இடங்கள் சோழ நாட்டுக் கரையிலேயே உண்டு என்றறிந்து, சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில பூம்புகாருக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்று வந்தோம். ஆங்குக் கண்டதையும் காணாததையும் இங்கே கூற விழைகின்றோம்.

பூம்புகாரை அடுத்த பல்லவனீச்சுரத்தில், இந்தியத் தொல்லியல் துறையினர் 1960களில் அகழ்ந்து வெளிப்படுத்திய பௌத்த விகாரையின் செங்கற் சுவர்களைக் கண்டோம். துறவிகள் தங்கிய சிற்றறைகள் அவை. புத்தர் திருவடி பொறித்த கல்லொன்றும் ஆங்குக் கிடைத்தது. மணிமேகலையில் பாதபீடிகையைப் பற்றிப் படித்தவர்க்கு அக்காவியம் பிறந்த உலகம் கண்முன் தோன்றும்.

நாகையிலோ இடிபாடுகூட எஞ்சவில்லை. ஆனால் அங்கு நின்ற சூளாமணி விகாரையின் வரலாறு நமக்கு மிக அணுக்கமானது. கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மனின் பெயரால் எழுந்து, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் காலத்தில் நிறைவெய்திய கோயில் அது. தஞ்சையில் பெருவுடையாருக்குக் கற்றளி எடுத்த அதே முதலாம் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், வேற்று நாட்டார் எழுப்பிய இப்பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அதன் நெல் வருவாய் ஏறத்தாழ 8,900 கலம். அதனை உரைக்கும் 21 செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகர் சென்றமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

1025இல் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது படை செலுத்தினான். அரசர் இருவரும் பகைவராயினர். ஆயினும் விகாரை அழியவில்லை. 1090இல் கடாரத்தரசனின் தூதர் வேண்டியபடி, முதலாம் குலோத்துங்கன் அக்கொடையை மீண்டும் உறுதி செய்தான்.

நம் முன்னோரும் பிழைப்பை நாடியே இவ்வூருக்கு வந்தனர். பெங்களூர்த் தண்டுக்கு 1864இல் இருப்புப்பாதை வந்தபின் வந்தோர் மிகப் பலர். இம்மண் நமக்குத் தொழில் தந்தது. கோயிலுக்கும் மாதா ஆலயத்திற்கும் தமிழ்ச் சங்கத்திற்கும் இடம் தந்தது. காவிரி நீர் குறித்து இரு மாநிலங்களும் வழக்காடும் நாள்களில், கடையடைத்து வீட்டினுள் இருக்கும்போது நம் பெண்டிர் படும் அச்சத்தை நாம் அறிவோம். அந்நாள்களில் நாகை விகாரையை நினைவுகூர்தல் நலம். அரசுகள் மாறுபட்ட காலத்தும், அண்டை வீட்டார் நட்பு நிலைத்தல் கூடும் என்பதற்கு அது சான்று.

அவ்விகாரையைப் போர் அழிக்கவில்லை என்றோம். பின் அழித்தது எது? விளக்கேற்றுவார் இன்றிப் பன்னெடுங்காலம் கிடந்த செங்கற் கோபுரம் ஒன்று, கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக மட்டும் நின்றது. 1867இல் அரசின் இசைவுடன் அதனை இடித்தனர். மண்ணில் புதைந்திருந்த புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன; பல சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. தமது என்று போற்றுவார் இல்லாத கோயில் எத்துணைப் பெரிதாயினும் நில்லாது.

ஆதலின் நாம் செய்யத்தக்கன இரண்டு. நம் பிள்ளைகள் கன்னடத்தை அண்டை வீட்டார் மெச்சுமளவு கற்க வேண்டும். அது இம்மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றி. ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் நடைபெறும் தமிழ் வகுப்பிற்கும் அவர்களைத் தவறாது அனுப்ப வேண்டும். அது நாம் ஏற்றும் விளக்கு. சென்ற ஆண்டு அவ்வகுப்பில் பயின்ற பிள்ளைகள் பதினொருவரே. வரும் ஆண்டு அத்தொகை பெருகுக.