மழை மேல் பழி போடாதீர்கள்!



‘எதிர்பாராத கனமழை’ என்று ஆண்டுதோறும் அறிக்கை விடுகிறார்கள். ஐப்பசியில் அடைமழை பெய்யும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டி எதிர்பார்த்ததைப் பட்டம் படித்த அதிகாரி எதிர்பார்க்கவில்லையாம்!

சென்னையின் பாதாளச் சாக்கடைக்கு வெள்ளைக்காரன் 1910-வாக்கில் திட்டம் போட்டான். 1961-இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்பது அவன் கணக்கு. 1961-இல் தலையை எண்ணினால் 17 லட்சத்துக்கும் மேல்! பிறகு குழாய் சேர்த்தார்கள், பம்பிங் ஸ்டேஷன் கட்டினார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் பழைய பகுதிகளில் அந்தக் காலத்துக் குழாய்கள் இன்னும் மாரடித்துக் கொண்டிருக்கின்றன.

கழிவுநீர்க் குழாய் மழைக்காகப் போட்டதல்ல. மழைக்குத் தனி வடிகால் உண்டு. ஆனால் வீடு கட்டுகிறவர் மொட்டைமாடித் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் சேர்க்கிறார். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், கடப்பாறையால் மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்துவிடுவது யார்? கைதட்டாதீர்கள், நம்மைத்தான் சொல்கிறேன். மணலும் பிளாஸ்டிக்கும் அதோடு உள்ளே போகின்றன. விரிசல் விட்ட இணைப்புகள் வழியாக மண்ணில் ஊறிய நீரும் புகுகிறது. பம்பு இழுக்க முடிந்ததைத்தான் இழுக்கும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. போக வழியில்லாத கழிவு பின்னுக்கு ஏறி, தெருவிலேயே தாழ்ந்த வீட்டின் குளியலறையில் குபுகுபுவென்று பொங்குகிறது. மேல்மாடிக்காரருக்கு இது செய்தி. கீழ்வீட்டுத் தாயோ அரிசி டப்பாவைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, கக்கூஸ் ஓட்டையைக் கோணியும் மணல் மூட்டையும் வைத்து அடைக்கிறாள்.

யாரிடம் கேட்பது? வடிகால் மாநகராட்சியுடையது. சாக்கடை, 1978-இல் அமைத்த குடிநீர் வாரியத்துடையது. வாசலில் நிற்கும் தண்ணீர் எந்தத் துறைக்குச் சொந்தம் என்று முகர்ந்து பார்த்தா புகார் கொடுப்பது?

அடைப்பு எடுக்கக் கடைசியில் ஒரு மனிதனைத்தான் இறக்குகிறார்கள். பாதுகாப்பில்லாமல் இறக்குவது குற்றம் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம், 2014-இல். 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகைதான் ஏறுகிறது, ஆள் இறங்குவது நிற்கவில்லை. தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டி நுழையாத சந்துக்குச் சின்ன வண்டி வாங்க வேண்டியதுதானே? மனித உயிர் அவ்வளவு மலிவா?

நாம் கேட்பது அதிகமில்லை. செப்டம்பருக்குள் எந்தத் தெருவில் எத்தனை மீட்டர் தூர் வாரினீர்கள் என்று வார்டு அலுவலக வாசலில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு துறைப் பொறியாளர்களும் ஒன்றாகத் தெருவில் நடங்கள். எந்த மாடிக் குழாய் சாக்கடையில் சேர்கிறது என்று பாருங்கள்.

மனு அந்த மேஜையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். மாடிக் குழாயைச் சாக்கடையில் விட்டிருக்கும் அண்ணன்மார்கள் மட்டும், முதலில் வீட்டுக்குப் போய் அதை வெட்டிவிட்டு வந்து போடுங்கள்!