ரோமியோ ஜூலியட்: வாளும் துப்பாக்கியும்



ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தைப் படமாக்கியவர்களில் இருவரைப் பற்றி மாத்திரம் சொல்லுகிறேன். 1968-ல் செப்பிரெல்லி என்கிற இத்தாலியர் எடுத்தது பழைய முறை. வாளும் அங்கியும் அக்காலத்தவை. 1996-ல் பாஸ் லூர்மன் என்கிற ஆஸ்திரேலியர் எடுத்ததில் மோட்டாரும் துப்பாக்கியும் வருகின்றன. பேச்சு மட்டும் ஷேக்ஸ்பியர் பேச்சே. வாள் என்று வசனம் வருகிறதே, கையில் துப்பாக்கி இருக்கிறதே என்று யாராவது கேட்டால் என்ன செய்வது? துப்பாக்கியின் மேலேயே வாள் என்று பெயர் பொறித்துவிட்டார்கள்! நல்ல தந்திரந்தான்.

ஆனால் உடுப்பை மாற்றினால் புதுமையாகிவிடுமா? அந்த இருவரும் ஏன் செத்தார்கள் என்பதல்லவா விஷயம்? நாடகத்தின் முகவுரையே நட்சத்திரத்தின்மேல் பழி போடுகிறது. ஜனங்களும், "கடிதம் போய்ச் சேரவில்லையே, விதி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். நாடகத்தில் பிளேக் பயத்தால் கடிதம் கொண்டுபோன பாதிரியை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். செப்பிரெல்லி படத்தில் கழுதைமேல் போகும் பாதிரியைக் குதிரைக்காரன் முந்திவிடுகிறான். லூர்மன் படத்தில் தபால் வந்தபோது வாங்க ஆளில்லை. இதில் நட்சத்திரம் எங்கே வந்தது?

சரி, கடிதம் எழுதவேண்டிய அவசியத்தை உண்டாக்கியவர் யார்? பதினான்கு வயது நிறையாத பெண்ணுக்கு, அவள் சம்மதம் கேளாமல், தகப்பன் கலியாணத்துக்கு நாள் வைக்கிறான். மாட்டேனென்றால் தெருவில் பிச்சையெடுத்துச் சாகச் சொல்லுகிறான். அவளோ பகை வீட்டுப் பிள்ளையை இரகசியமாக மணந்தவள். வாய் திறக்க வழியில்லை. ஆகவே பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்தைக் குடிக்கிறாள். அந்தப் பகைக்குக் காரணம் என்னவென்று நாடகம் முழுவதும் தேடினாலும் கிடைக்காது! செப்பிரெல்லி படத்தில் நடித்த இருவரும் அப்போது இருபது வயது நிறையாதவர்கள். தகப்பன் உறுமும்போது எதிரே நிற்பது ஒரு குழந்தை என்று பார்க்கிறவனுக்கு உறைக்கிறது. இது அவர் படத்தின் பலம்.

லூர்மனோ பிணத்தைச் சுற்றி ஏற்றியிருக்கும் மெழுகுவத்திகளும் சிலுவைகளும் கலியாணப் பந்தலையே தோற்கடித்துவிடும்! இது வீண் ஆடம்பரம்.

முடிவில் மட்டும் அவர் ஜெயித்துவிட்டார். நாடகத்தில் இரு தகப்பன்மாரும் கை குலுக்கி, பிள்ளைகளுக்குத் தங்கச் சிலை வைப்பதாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். செப்பிரெல்லியும் இரு வீட்டாரையும் சவ ஊர்வலத்தில் ஒன்று சேர்க்கிறார். லூர்மன் அந்தச் சமாதானத்தையே வெட்டிவிட்டார். போலீஸ் தலைவன் இரு வீட்டாரையும் பார்த்துக் கத்துகிறான்; அவ்வளவுதான். ஆரம்பத்தில் டெலிவிஷனில் பகையைச் சேதியாக வாசித்த அதே பெண் இந்தச் சாவையும் சேதியாக வாசித்து முடிக்கிறாள். பிறகு பெட்டியில் வெறும் இரைச்சல்தான்.