முட்டை ஓடும் சுண்ணாம்புச் சத்தும்

இந்தியாவின் முட்டை உற்பத்தியில் அண்மை ஆண்டுகளில் ஆந்திரப் பிரதேசம் முதலிடத்திலும் தமிழ்நாடு அதனை அடுத்தும் நிற்கின்றன. இவ்விரு மாநிலங்களின் எல்லையில் அமைந்தது சித்தூர். 1982ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் விலைப்பட்டியலில் சித்தூருக்கெனத் தனி விலை அறிவிக்கப்படுவதே அதன் சிறப்பைக் காட்டும். அங்கிருந்து சென்னைச் சந்தை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பண்ணையில் முழுமையாக இருந்த முட்டை லாரியில் விரிசல் கண்டால், நட்டம் பண்ணையாளரையே சேருகிறது. கோழி தின்ற தீவனத்தின் செலவோ சிறிதும் குறைவதில்லை.

ஓடு மெலிந்தால் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டுக என்பதே பொதுவாகக் கூறப்படும் மருந்து. இது பாதி உண்மையே. எவ்வளவு, எந்த வடிவில், எந்த நேரத்தில் என்பனவும் அளவைப் போன்றே இன்றியமையாதவை.

60 கிராம் எடையுள்ள முட்டையில் ஓடு ஏறத்தாழ 6 கிராம். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் ஆகும். கால்சியம் மட்டும் 2 கிராமுக்குச் சற்று மிகுதியாக இருக்கும். கோழியின் உடல் முழுவதிலும் உள்ள கால்சியமோ சுமார் 20 கிராம் தான். எனவே ஒவ்வொரு முட்டைக்கும் அது தன் இருப்பில் பத்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. உண்ணும் கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. ஆதலின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் தேவைப்படுகிறது.

இனி நேரத்தைக் கருதுவோம். ஓடு உருவாக 20 மணி நேரம் வரை ஆகிறது. அதில் பெரும்பகுதி இரவில் நிகழ்கிறது. இரவில் கோழி தீவனம் உண்பதில்லை. நுண்ணிய சுண்ணாம்புக்கல் தூள் குடலை விரைவில் கடந்துவிடும். பின்னர் வேண்டிய கால்சியத்தைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுக்க நேரிடுகிறது. 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் துகள்கள் அரைவைப்பையில் தங்கி, இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரைகின்றன. ஆகவே சுண்ணாம்புச் சத்தில் பாதியையேனும் இத்தகைய துகள்களாகப் பிற்பகலில் அளிப்பது நலம் பயக்கும்.

திருப்பதி, சித்தூர்ப் பகுதியின் கோடை இச்சிக்கலைக் கடுமையாக்குகிறது. வெப்பத்தில் கோழி இரையெடுப்பைக் குறைத்துக்கொள்கிறது. 3.6 சதவிகிதம் கால்சியம் உள்ள தீவனத்தை 110 கிராம் உண்ணும் கோழிக்கு 3.96 கிராம் கிடைக்கும். அதே கோழி 90 கிராம் மட்டும் உண்டால் 3.24 கிராமே கிடைக்கும். இக்குறையை ஈடு செய்யக் கோழி ஒன்றுக்கு 2 கிராம், அதாவது 1,000 கோழிகளுக்கு 2 கிலோ கிளிஞ்சல் போதும். ஆனால், வாய் திறந்து மூச்சிரைக்கும் கோழி கரியமில வாயுவை மிகுதியாக இழக்கிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் குறைகிறது. எத்தனை கிளிஞ்சல் கொடுத்தாலும் இதை ஈடு செய்ய இயலாது. கொட்டகையில் காற்றோட்டமும், கூரைமேல் நீர்த்தெளிப்பும், குளிர்ந்த குடிநீரும், அதிகாலைத் தீவனமுமே அதற்குத் தீர்வு.

மெலிந்த ஓட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. வயது முதிரும்போது முட்டை பெரிதாகிறது. ஓட்டின் அளவு அதற்கேற்பக் கூடுவதில்லை. வைட்டமின் டி3 குறைந்தால் கால்சியம் குடலில் உறிஞ்சப்படாது. பாஸ்பரஸ் மிகினும் குறையினும் தீங்கே. உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரும் ஓட்டைக் கெடுக்கும். ஓடு சுருங்கி, வெண்கரு நீர்த்துக் காணப்பட்டால் தொற்று மூச்சுக்குழல் அழற்சி நோயை ஐயுற வேண்டும். அதற்குக் கிளிஞ்சல் மருந்தாகாது. வரம்பு மீறிய கால்சியமும் கேடு தரும்: தீவனத்தின் சுவை குறையும், முட்டையிடத் தொடங்காத வளர் பருவக் கோழிகளின் சிறுநீரகம் பழுதுறும்.

ஆகவே பண்ணைக்குச் செல்லும் விரிவாக்க அலுவலர் முதலில் காரணத்தைக் காண வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒப்படர்த்தி 1.080 உள்ள உப்புக் கரைசலில், அன்றிட்ட முட்டைகளை இட்டால், ஓடு தடித்தவை மூழ்கும், மெலிந்தவை மிதக்கும். வாரந்தோறும் மிதப்பவற்றை எண்ணிக் குறித்து வந்தால், சந்தையில் நட்டம் தெரியுமுன்பே பண்ணையில் குறை தெரிந்துவிடும். அதன் பின் தீவனத்தையும் நீரையும் ஆய்வுக்கு அனுப்பலாம்.

திருப்பதியில் 1955ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. 2005ஆம் ஆண்டில் ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகமும் அங்கே தோன்றியது. இத்தகைய நிலையங்களின் அறிவு ஆயிரம் கோழி வளர்ப்பவரின் கொட்டகைக்கும் எட்ட வேண்டும். பெரும் பண்ணைகள் தமக்கென வல்லுநர்களை அமர்த்திக்கொள்ளும். சிறு பண்ணையாளருக்கோ நூற்றுக்கு ஐந்து முட்டை உடைவதே இலாபத்தையும் நட்டத்தையும் பிரிக்கும் கோடாகலாம். தகுந்த துகள், தகுந்த வேளை, காரணமறிந்த பரிகாரம் ஆகிய மூன்றும் அவருக்குப் பெருஞ்செலவு வைப்பன அல்ல. அவற்றை உரிய காலத்தில் எடுத்துச் சொல்வதே விரிவாக்கப் பணியின் கடமையாகும்.