ஊர் கேட்டுப் பெற்ற பல்கலைக்கழகம்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் பங்கு நூலகத்தார் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எங்களுக்கு ஒதுக்கியிருப்பது கால் மணி நேரம். நூலகத்தைப் பேணுகிறவர்கள் நூலகத்தைப் பற்றித்தானே பேசுவார்கள் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் நம் நூலகத்தைப் பற்றி அல்ல. பெல்ஜிய நாட்டில் லூவேன் என்ற ஊரில் இருமுறை தீக்கிரையாகி, மூன்றாம் முறை தீயே இல்லாமல் பிளவுபட்ட ஒரு நூலகத்தைப் பற்றியும், அதை வைத்திருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும், இரண்டையும் சுமந்த அந்த ஊரைப் பற்றியும் பேச விரும்புகிறோம்.

பல்கலைக்கழகம் என்றால் மன்னரோ பாப்பரசரோ மனமுவந்து அளித்த கொடை என்று நாம் நினைப்பது வழக்கம். லூவேன் கதை அப்படியன்று. அது நெசவு ஊர். கம்பளித் துணி விற்றுச் செழித்த ஊர். துணி வணிகத்துக்கென்றே 1317-இல் ஒரு பெரிய மண்டபம் எழுப்பினார்கள். பிறகு வணிகம் நொடித்தது. பிரபுவின் அரசவையும் பிரஸ்ஸல்சுக்குப் போய்விட்டது. வீடுகள் இருந்தன, குடியிருக்க ஆள் இல்லை. அப்போதுதான் ஊர் மன்றத்தாரும், பிரபான்ட் நாட்டுப் பிரபு நான்காம் ஜானும், புனித பேதுரு ஆலயக் குருகுழுவினரும் ஒன்றுகூடி உரோமைக்கு விண்ணப்பித்தார்கள். 1425 டிசம்பர் 9-ஆம் நாள் பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் அனுமதி ஓலை அளித்தார். விண்ணப்பித்தவர்களுள் ஓர் ஆலயமும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். இந்த மேடையில் இதைப் பேசத் துணிந்ததே அதனால்தான்.

அனுமதி சும்மா வரவில்லை. மாணவர்மேலும் ஆசிரியர்மேலும் ஊருக்கு இருந்த நீதி அதிகாரத்தைத் துணைவேந்தரிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. தன் தெருவில் நடமாடுகிறவன் குற்றம் செய்தாலும் தான் விசாரிக்க முடியாது என்றால் எந்த ஊர் மன்றம் சம்மதிக்கும்? லூவேன் சம்மதித்தது. 1426-இல் பாடம் தொடங்கியது. துணி மண்டபத்தின் ஒரு பகுதியையும் ஊரார் பல்கலைக்கழகத்துக்குத் திறந்துவிட்டார்கள். துணி அளந்த இடத்தில் சட்டமும் மருத்துவமும் ஓதப்பட்டன.

அங்கே படித்தவர்கள், இருந்தவர்கள் பெயரைச் சொன்னால் நேரம் போதாது. உடற்கூற்று நூல் எழுதிய வெசாலியுஸ், நிலப்படம் வரைந்த மெர்க்காத்தோர் அங்கே பயின்றவர்கள். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் கற்பிக்க 1517-இல் மும்மொழிக் கல்லூரி அமைந்தபோது அதற்குப் பக்கபலமாய் நின்றவர் எராஸ்முஸ். 1522-இல் ஆறாம் அட்ரியான் என்ற பெயருடன் பாப்பரசரானவர் இந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர்; புனித பேதுரு ஆலயக் குருகுழுவின் தலைவராகவும் இருந்தவர். லூவேனில் இருந்த தம் வீட்டையே ஏழை மாணவர் படிக்கும் கல்லூரி ஆக்கினார்.

1797-இல் பிரெஞ்சு ஆட்சியினர் பல்கலைக்கழகத்தை மூடினர். 1834-இல் பெல்ஜிய ஆயர்கள் மெகெலன் நகரில் புதிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கினர். அடுத்த ஆண்டே அது லூவேனுக்கு வந்து சேர்ந்தது.

இனிச் சொல்வது கொஞ்சம் கனமானது. 1914 ஆகஸ்டு 25-ஆம் நாள் இரவு. ஊரைப் பிடித்திருந்த ஜெர்மானியப் படைவீரர்கள், பொதுமக்கள் தங்களை மறைந்திருந்து சுடுகிறார்கள் என்று பதறி, ஊருக்குத் தீ வைத்தனர். அப்படி யாரும் சுடவில்லை என்பதே வரலாற்றாசிரியர் முடிவு. ஊரார் 248 பேர் கொல்லப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. புனித பேதுரு ஆலயம் எரிந்தது. பழைய துணி மண்டபத்தில் இருந்த நூலகம், ஏறத்தாழ 3 இலட்சம் நூல்களோடும் கையெழுத்துச் சுவடிகளோடும் சாம்பலாயிற்று. உலகம் நூலகத்துக்காக அழுதது. அந்த 248 பேருக்காகவும் அதே அளவு அழுததா என்று எங்களுக்குள் ஒரு கேள்வி உண்டு. நூல்களும் மனிதர்களும் ஒரே தீயில், ஒரே காரணத்துக்காக மாண்டார்கள். அதை மறந்து நூலகத்தை மட்டும் பேசுவது பாதிக் கதை.

போருக்குப் பின் கர்தினால் மெர்சியே அமெரிக்கா சென்றார். அங்குள்ள பள்ளிகளும் கல்லூரிகளும் கொடுத்த பணத்தில் வேறோர் இடத்தில் புதிய நூலகம் எழும்பியது. காசு கொடுத்தவர்களின் பெயர்களை இன்றும் அதன் சுவர்க் கற்களில் படிக்கலாம். 1928 ஜூலை 4-இல் திறப்பு. அதற்குள் ஒரு சண்டை. ஜெர்மானியர் வெறியால் அழிந்தது, அமெரிக்கர் கொடையால் எழுந்தது என்று இலத்தீனில் முகப்பில் பொறிக்க வேண்டும் என்றார் கட்டடக் கலைஞர் வாரன். பகையைக் கல்லில் எழுதக்கூடாது என்று மறுத்தார் பல்கலைக்கழகத் தலைவர் லதூஸ். போர்த்துயரை மறவாத ஒரு தொழிலாளி, எழுத்தில்லாமல் வைத்த கைப்பிடிச் சுவரைச் சுத்தியால் உடைத்தே விட்டார்! தலைவர் செய்தது சரி என்பதே எங்கள் எண்ணம். ஆனால் அந்தத் தொழிலாளியின் கோபத்தையும் எங்களால் பழிக்க முடியவில்லை.

1940 மே மாதம் அடுத்த போர். நூலகம் மறுபடி எரிந்தது. சுமார் 9 இலட்சம் நூல்கள் போயின. மறுபடியும் கட்டினார்கள்.

இரண்டு தீயையும் தாங்கிய பல்கலைக்கழகத்தை மொழிப் பூசல் பிளந்தது. லூவேன் ஊர் பேசுவது டச்சு மொழி. பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழிப் பிரிவும் இருந்தது. பிரெஞ்சுப் பிரிவு ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று டச்சு மொழி மாணவர்கள் கிளர்ந்தார்கள். ஒரே பல்கலைக்கழகமாகவே இருக்கட்டும் என்று 1966-இல் ஆயர்கள் சொன்னது எடுபடவில்லை. 1968 பிப்ரவரியில் இதனால் நாட்டின் அரசாங்கமே கவிழ்ந்தது. கடைசியில் நூல்களையும் பங்கு போட்டார்கள். எப்படி? அடுக்கு எண் ஒற்றைப்படையானால் ஒருவருக்கு, இரட்டைப்படையானால் மற்றவருக்கு! சொத்துப் பிரிக்கும்போது அண்டாவை ஒருவருக்கும் அதன் மூடியை மற்றவருக்கும் கொடுத்த குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா?

பிரிந்து போனவர்கள் வயல்வெளியில் லூவாங்-லா-நூவ், அதாவது புதிய லூவாங், என்ற ஊரையே கட்டினார்கள். 1971-இல் அடிக்கல். நடுவூரில் மோட்டார் வண்டி ஓடாது, நடந்துதான் போகவேண்டும். முன்பு ஊர் பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பெற்றது. இங்கே பல்கலைக்கழகம் தனக்கென ஓர் ஊரை உண்டாக்கிக் கொண்டது. ஊர் இல்லாமல் அதனால் இருக்க முடியவில்லை.

அந்தப் புதிய ஊரைத் திட்டமிட்டவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் ரெமோன் லெமேர். அதற்கு முன் பழைய லூவேனில் அவர் செய்த வேலையைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். மடத்தில் சேராமல், செபத்திலும் உழைப்பிலும் கூடி வாழ்ந்த பெகீன்கள் என்ற பெண்களின் குடியிருப்பு ஒன்று 13-ஆம் நூற்றாண்டு முதல் அங்கே உண்டு. செங்கல் வீடுகள், சந்துகள், நடுவே ஆறு, ஓர் ஆலயம். நாளடைவில் சீர்குலைந்து ஏழைகளின் ஒதுக்கிடமாகிவிட்டது. 1962-இல் பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. லெமேர் அதைப் பழைய அழகு கெடாமல் பழுதுபார்த்தார். பூட்டிவைத்துக் காட்சி காட்டவில்லை. மாணவர்களையும் வெளிநாட்டு விருந்தினர்களையும் குடிவைத்தார்கள். 1998-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் அது சேர்ந்தது. பெகீன்கள் வாழ்ந்த அறைகளில் இரவில் இன்றும் விளக்கு எரிகிறது. யாரோ ஒரு பிள்ளை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறது.

2024 செப்டம்பரில், 600-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டித் திருத்தந்தை பிரான்சிஸ் பெல்ஜியம் சென்றார். 27-ஆம் நாள் லூவேன் பல்கலைக்கழகத்தாரைச் சந்தித்தார். மறுநாள் லூவாங்-லா-நூவ் சென்றார். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர்.